ஐம்பதால் பெருக்கு

பிராதுப் படிவத்தில் கடைசியாக நிரம்பும் கட்டம் ஒன்று:
தாவாவின் மதிப்பு.
பதினாறு வருடமாக நான்தான் நிரப்புகிறேன்
சுல்மோனாவில், வக்கீல் தர்க்வீனியின் மாடி அலுவலகத்தில்.
கீழே சர்க்கரை வாதுமை விற்கும் கடை.
பிரிந்த குடும்பங்களின் கோப்புகளிலெல்லாம்
கல்யாண மிட்டாய் வாசனை.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு:
"குறைத்துப் போடம்மா."
அண்ணனிடம் பங்கு கேட்டபோது அரண்மனையாக இருந்த வீடு
என் மேசைக்கு வந்ததும் மாட்டுக்கொட்டில்.
மதிப்பு ஏறினால் கட்டணம் ஏறும்;
அந்த ஐந்து நிமிடம்
எல்லாருமே துறவிகள்.

ஸாயிரா அப்படியில்லை.
மார்ச் மாதம், சேறு படிந்த பூட்ஸோடு வந்தாள்.
கணவனின் தம்பி நூன்ஸியோ
பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான்.
சங்கிலிக்கு அந்தப் பக்கம்
அவளுடைய பதினொரு வாதுமை மரம், ஒரு தண்ணீர்த்தொட்டி,
ஏழு தேன்பெட்டி.
"நிலம் அவனுடையது, அவனே வைத்துக்கொள்ளட்டும்.
எனக்கு நடக்க வேண்டும்."

நடந்து நடந்து வழக்கமான வழி,
இப்போது வழக்கு.

சட்டத்தின் கணக்கு எளிது.
நிலமே என்னுடையது என்றால்
ஏட்டு வருமானத்தை இருநூறால் பெருக்கு.
அனுபவ பாத்தியம் மட்டும் என்றால் நூறால்.
வழிநடைப் பாத்தியம் என்றால்
ஐம்பதால்.
அதுவும் நடக்கிறவளின் நிலத்தை அல்ல,
மிதிபடுகிற நிலத்தை.

ஏட்டைத் திறந்தேன்.
நூன்ஸியோவின் துண்டு: மூன்றாம் தரத் திராட்சை.
கொடி பட்டுப்போனது நான் பிறந்த வருடம்.
போருக்கு முன்னால் எவனோ ஒரு சர்வேயர்
வெயிலில் வேறொரு சங்கிலி பிடித்து எழுதியது,
லிராவில் கிடந்து யூரோவாகச் சுருங்கியது:
வருடத்துக்கு மூன்று யூரோ நாற்பது.

பெருக்கிக் காட்டினேன். நூற்றெழுபது.
மிகக் கீழ்ப்படி. கட்டணம் நாற்பத்துமூன்று,
முத்திரை இருபத்தேழு.
மற்றவர்கள் இந்த இடத்தில்தான் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நூற்றெழுபதா?"
"ஆமாம்."
"என் ஆடே இருநூறுக்குப் போகும்."

பிறகு, எழுதிக்கொள் என்பதுபோலச் சொன்னாள்:
பனி கூரையைத் தொட்ட வருடம்
மருத்துவச்சி அந்த வழியாகத்தான் இறங்கினாள்.
நாற்பத்தோரு அறுவடை.
எட்டு வயதில் நூன்ஸியோ அதே வழியில் விழுந்து பல் உடைந்தான்,
தூக்கிக்கொண்டு ஓடியது நான், அப்போது புதுப்பெண்.
எந்தக் கல் ஆடும் என்று
இருட்டில் என் காலுக்குத் தெரியும்.
"இதையெல்லாம் எத்தனையால் பெருக்குவாய்?"

மதிப்பிட முடியாதவை என்று ஓர் இனம் உண்டு என்றேன்.
முகம் மலர்ந்துவிட்டது. "அதைப் போடு. அதுதான்."
அதற்கும் விலை உண்டு, ஐந்நூற்றுப் பதினெட்டு என்றேன்.
ஏட்டில் அந்த மூன்று நாற்பது இருக்கும்வரை
அந்தக் கதவு நமக்குத் திறக்காது என்றும்.

சிரித்தது அவள்தான் முதலில்.

பையைக் கவிழ்த்தாள்.
நாணயங்களில் தேன் பிசுக்கு, விரலை விட மறுத்தன.
எழுபதை எண்ணி முடிக்க ஒரு மணியடிப்பு ஆயிற்று.
ஒரு தாள் நடுவில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.
"இது செல்லுமா?"
செல்லும் என்றேன்.
தாளுக்கு நான் சொல்லலாம்.
பாதைக்கு நீதிபதி சொல்ல வேண்டும்.

படியிறங்கும்போது திரும்பினாள்:
சங்கிலிக்கு அடியில் ஆடு நேராகப் போய்விடும்,
ஆள்தான் குனிய வேண்டும்.

கட்டத்தில் 170 என்று எழுதினேன்.
முதல் வாய்தா அக்டோபர் பத்தொன்பது.
வாதுமை
செப்டம்பரிலேயே உதிர்ந்துவிடும்.